சங்கு ஊதிய தேர்தல்

அத்தியாயம் 14

யஸ்னா கழற்றி வைத்துவிட்டுப் போன ஹெல்மெட் ஒரு வாரமாக அதே மேஜையில்தான் கிடந்தது. அதை எடுத்து அலமாரியில் வைக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

"வர முடியலைன்னா ஹெல்மெட்டை வெச்சிட்டுப் போ!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தியது மிரெயாதான். மீன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறியதால் யஸ்னா மூன்று பயிற்சிக்கு வரவில்லை. அவள் கழற்றினாள், வைத்தாள், போய்விட்டாள். இந்த வருஷம் மூன்றாம் படையை விட்டுப் போன நான்காவது ஆள் அவள்.

இன்று டிசம்பர் எட்டு, மாதா திருநாள் விடுமுறை. சிலி முழுக்கத் தீயணைப்புத் தொண்டர்கள் தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். புன்டா லோரோஸ் மூன்றாம் படைக்கு லெப்டினென்ட் மிரெயா ஓலாத்தே கேப்டனா, அவள் தம்பி ரமிரோ கேப்டனா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். பழைய கேப்டன் வடக்கே தாமிரச் சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க, ஒரே நாற்காலிக்கு நிக்குதுங்க," என்று முணுமுணுத்தபடி அம்மா எல்சிரா வெள்ளைக் கால்சட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். தேர்தலுக்குச் சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும்தான் உடை. வீட்டில் மூன்று பேர் படையில் இருந்ததால் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வே இல்லை.

அப்பா ஓஸ்வால்டோ ரொட்டியில் அவகாடோவைத் தடவிக்கொண்டே விஷயத்தை உடைத்தார். "நான் ரமிரோவுக்குத்தான் போடப் போறேன். மூடி மறைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை."

மிரெயா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா? எந்தத் தீக்காவது நான் லேட்டாப் போயிருக்கேனா?"

"நீ போயிடுவம்மா. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. உன் பின்னாடி ஆள் வரணுமே."

"வராதவங்களைத் தட்டிக் கேக்கக் கூடாதா?"

"சம்பளம் குடுக்குற முதலாளி கத்தலாம். இங்க ஒவ்வொருத்தனும் மாசம் பொறந்தா சொந்தக் காசுல சந்தா கட்டிட்டு நெருப்புக்கு வர்றான். அவன்கிட்ட கத்தினா எதுக்கு வருவான்? வீட்ல கத்துறதுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"அவ யாரைப் பார்த்துக் கத்தக் கத்துக்கிட்டா?" என்று அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பதினோரு வருஷம் கேப்டனா இருந்தீங்க. நீங்க வாயைத் திறந்தா துறைமுகத்துல கப்பல் கிளம்பிடும்."

"அப்பல்லாம் ஓடிப்போக வேற இடமில்லை. நின்னாங்க," என்றார் அப்பா, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

இது எதிலும் கலந்துகொள்ளாமல் ரமிரோ ஜன்னலோரம் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். செல்போன் கடை வைத்திருக்கிறான். பேச ஆரம்பித்தால் எதிராளி பர்ஸைத் திறக்காமல் போக மாட்டார். படையின் புது வண்டி அவன் வாயால் வந்த வண்டி. ஜூன் மாதம் மரக் கிடங்கு எரிந்தபோது புகையில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன், வெளியே வந்த அன்றே அந்தக் கதையைச் சொல்லி நிலையத்தையே வயிறு குலுங்க வைத்தான். அவன் மேல் கோபப்படுவது மிரெயாவுக்கு எப்போதுமே கஷ்டமான வேலை.

"நான் கேட்டேனாக்கா? அப்பாதான் என் பேரைக் குடுத்தாரு," என்றான் மெதுவாக.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே!"

"அவர்கிட்டயா?"

நிலையம் குன்றின் மேலே. வீட்டிலிருந்து படிக்கட்டு ஏற வேண்டும். மிரெயா வழக்கம்போல முன்னால் பாய்ந்தாள். முதல் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் ரமிரோ குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த திருப்பத்திலும் அதே கோலம்.

"டேய், கேப்டனாகப் போறவனுக்கு லேஸ் கட்டத் தெரியலையா? அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

"புது லேஸுக்கா, வழுக்குது. நீ போயிட்டே இரு," என்று சிரித்தான்.

கூடத்தில் இருபத்து மூன்று ஓட்டுகள் காத்திருந்தன. யார் யாருக்குப் போடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். முன்வரிசையில் மூத்த உறுப்பினர்கள் பதினோரு பேர், மார்பு நிறையப் பதக்கங்களோடு. அவர்களுக்கு இனி தீக்குப் போகும் கட்டாயமில்லை. ஓட்டு மட்டும் உண்டு. அத்தனையும் ரமிரோவுக்கு, அவன் ஓட்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. பின்வரிசையில் வண்டியேறும் இளவட்டங்கள். மிரெயாவிடம் திட்டு வாங்காதவர்கள் அதில் ஒருவரும் இல்லை. ஆனாலும் நெருப்புக்குள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பியவர்கள். அந்தப் பத்து ஓட்டுகளும், அவளுடைய சொந்த ஓட்டும் அவளுக்கு. யஸ்னா போன்று பயிற்சி தவறியவர்களுக்கு இந்த வருஷம் ஓட்டே கிடையாது.

கூட்டிக் கழித்தால் ஒரே ஓட்டில் தோல்வி. மிரெயாவுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கிழவராவது கடைசி நிமிஷத்தில் மனசு மாறலாம் என்று நாக்கில் ஒரு நப்பாசை ஊறிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் வெள்ளைக் கேப்டன் ஹெல்மெட்டைத் திருட்டுத்தனமாகத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தவள் அவள். அந்த ஆசை இன்றுவரை ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை.

படையின் நிர்வாகத் தலைவர் அன்செல்மோ மருந்துக் கடைக்காரர். யஸ்னாவின் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுப் பெட்டியை வைத்து, சீட்டு எழுதிப் போடச் சொல்லி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். பகல் பன்னிரண்டுக்குள் ஓட்டுப் போட்டு முடிக்க வேண்டும், அது சட்டம். நாலைந்து மூத்தவர்கள் போட்டார்கள். பிறகு பிளம்பர் லிசார்தோ சீட்டை மடித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

அவன் கை பெட்டிக்கு மேலே இருக்கும்போது சங்கு ஊதியது.

அந்த ஒரு நொடியை மிரெயாவால் எப்போதும் ரசிக்காமல் இருக்க முடியாது. கோட்டும் பதக்கமும் மரியாதையுமாக உட்கார்ந்திருந்த கூட்டம் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பிய்த்துக்கொண்டு ஓடும். லிசார்தோ சீட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடினான். பெட்டியில் போட இன்னும் அரை நொடிதான் வேண்டும். அது அவனுக்குத் தோன்றவேயில்லை.

ரேடியோ கரகரத்தது. ரோசாஸ் பள்ளம். காய்ந்த புல், யூகலிப்டஸ், மேலே வீடுகள். கடல் காற்று நேராக வீடுகளைப் பார்த்து வீசுகிறது.

ரோசாஸ் பள்ளத்தின் விளிம்பில்தான் யஸ்னாவின் வீடு. மிரெயாவின் கை தானாக நீண்டு மேஜையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டது. எதற்கு என்று யோசிக்க நேரமில்லை.

வண்டியோடு ஒரு அதிகாரி போனால் இன்னொருவர் நிலையத்தில் இருந்தாக வேண்டும், அடுத்த அழைப்பு வந்தால் கவனிக்க. இருந்த இரண்டு அதிகாரிகளும், ரமிரோவும் அவளும், வாசலில் மோதிக்கொண்டார்கள்.

"நீ போக்கா, நான் இருக்கேன்," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே.

வண்டி இறக்கத்தில் பாய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் இடித்துக்கொண்டு நிற்கிற அத்தனை பேரும் அவளுடைய ஓட்டுகள். கூடத்தில் மிச்சமிருப்பதெல்லாம் தம்பியின் ஓட்டுகள். பன்னிரண்டு அடித்ததும் அன்செல்மோ பெட்டியை மூடிவிடுவார்.

அடப்பாவி! வாய்க்குள் சர்க்கரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசினான்! 'நான் இருக்கேன்' என்று கரிசனம் வேறு!

இரண்டு பேரையாவது இறக்கிவிட்டிருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த திருப்பத்தில் புகை தெரிந்தது. தேர்தல் அவள் தலையிலிருந்து விழுந்துபோனது.

பள்ளத்துக்குள் வண்டி இறங்காது. குறுகலான படிக்கட்டு மட்டும்தான். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். நெருப்பு கீழிருந்து புல்லை மேய்ந்துகொண்டு மேலேறியது. யூகலிப்டஸ் மரங்கள் பட்டாசாக வெடித்தன. தகரக் கூரைகளுக்கும் தீக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறும் அதில் காய்கிற துணிகளும்தான்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு விளங்கவில்லை. இந்நேரம் தெருவே அலறிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓட வேண்டும். இங்கே ஜனங்கள் வரிசையாக நின்று வாளி மாற்றிக் கூரைகளை நனைத்துக்கொண்டிருந்தார்கள். கேஸ் சிலிண்டர்கள் எல்லாம் வெளியே வந்து, தெருக்கோடியில் பாதுகாப்பாக நின்றன. குழந்தைகளும் நாய்களும் ஒரு லாரியில் ஏறியாயிற்று.

வரிசையின் முன்னால் நின்று நடத்திக்கொண்டிருந்தது யஸ்னா. தொழிற்சாலை ஏப்ரன், ரப்பர் செருப்பு, தலையில் ஈரத் துண்டு.

மிரெயா முதல் குழாயைத் தானே எடுத்துக்கொண்டு மேல் படியில் இறங்கினாள். "லிசார்தோ, இழு! என்னடா தூங்குற, இழுடா!" என்று பழக்கதோஷத்தில் வாய் கத்தியது. வாயில் சீட்டோடு அவன் விழித்த விழியைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அவன் தூங்கவில்லை. உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தான். பண்டிகை நாளில், ஒரு பைசா வாங்காமல்.

நெருப்பின் ஒரு நாக்கு இடப்பக்கம் சுற்றிக்கொண்டு கீழ்ப் படிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தது. அங்கே இரண்டாவது குழாய் போயாக வேண்டும். பிடிக்கக் கைகள் இருந்தன. முன்னால் நின்று நடத்தத் தெரிந்த ஆள் இல்லை. ரமிரோ இருந்திருந்தால் அனுப்பியிருப்பாள். நாலு பேர் படையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் யாரையாவது அனுப்பியிருப்பாள்.

'உன் பின்னாடி ஆள் வரணுமே.'

அவள் குழாயை லிசார்தோவிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினாள். இடுப்பில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி யஸ்னா முன்னால் நீட்டினாள்.

யஸ்னா அதைத் தொடவில்லை. "உத்தரவுங்களா, லெப்டினென்ட் அம்மா?"

போன வாரம் வரை 'அக்கா' என்றவள். அந்த 'அம்மா' நெருப்பை விடச் சுட்டது.

"இல்லைடி. கேக்கறேன்," என்றாள் மிரெயா. இருமல் வந்து பாதி வார்த்தையை முழுங்கியது. "கீழ்ப் படிக்கட்டுக்கு ஆள் இல்லை. நீ வந்தாத்தான் முடியும். வர்றியா?"

யஸ்னா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவே மாட்டாள். மிரெயாவும்தான்.

"ஒரு வாரமா வெளியில கிடந்திருக்கு. தூசியாவது தட்டிக் கொண்டாந்திருக்கலாமில்ல," என்று சொல்லிக்கொண்டே யஸ்னா ஹெல்மெட்டைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்தாள். "பூட்ஸ் எங்க? சீக்கிரம்! செருப்போடவா இறங்கச் சொல்ற?"

அந்த அதட்டலைக் கேட்டு மிரெயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் புகையிலும் சிரித்தாள்.

அதன் பிறகு நடந்ததை யஸ்னாவின் தெரு இன்னும் பல வருஷம் பேசும். மேலிருந்து மிரெயா, கீழிருந்து யஸ்னா. நடுவில் நெருப்பு திரும்பக்கூட இடமில்லாமல் முழித்தது. "இடப்பக்கம் வர்றேன்!" என்று கீழிருந்து குரல் வரும். "வா, நான் மறைக்கிறேன்!" என்று மேலிருந்து பதில் போகும். கொடியில் காய்ந்த துணிகளில் ஒரு சட்டைதான் போயிற்று. ஒரு வீட்டுக் கூரைகூடக் கருகவில்லை.

முடிந்ததும் யாரோ ஒரு அம்மாள் பெரிய தர்பூசணியை வெட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, வெள்ளைக் கால்சட்டை எல்லாம் கரியாகி, முகமெல்லாம் தர்பூசணிச் சாறு வழிய அவர்கள் சாப்பிட்டார்கள். அப்போதுதான் லிசார்தோ வாயிலிருந்து ஓட்டுச் சீட்டை எடுத்தான்.

"மணி என்ன?" என்று கேட்டான்.

பன்னிரண்டு எப்போதோ தாண்டியிருந்தது.

திரும்பும்போது மிரெயா மனசுக்குள் கணக்குப் போட்டாள். தோற்றது தோற்றதுதான், ஆனால் இப்படி, ஓட்டுப் போடாமலே தோற்பதை அவளால் ஏற்க முடியவில்லை. தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பது? அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவதா, நாலு அறை விடுவதா?

கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜை மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். அதாவது, மேஜை மேல் இருந்த ஓட்டுப் பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கோட்டும் பதக்கங்களுமாக, கையில் பாதி தின்ற இறைச்சி எம்பனாடாவோடு. அவரைச் சுற்றி மற்ற மூத்தவர்கள் கொதித்துப்போய் நின்றிருந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க!" என்று அன்செல்மோ ஓடி வந்தார். "உங்கப்பாவைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. பன்னிரண்டுக்கு மூடணும்னு சட்டம் இருக்குன்னேன். பெட்டி மேல ஏறி உட்கார்ந்தவர்தான், பாத்ரூமுக்குக்கூடப் போகலை!"

"வண்டி வெளிய இருக்கும்போது எந்தச் சட்டமும் இல்லை!" என்று அப்பா உறுமினார். "நெருப்புக்குப் போனவன் ஓட்டில்லாம, உட்கார்ந்திருந்தவன் ஓட்டுல ஒரு கேப்டனா? தூ!"

மிரெயா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "அப்பா... எனக்காகவா?"

"உனக்காக இல்லை. நான் இன்னும் ரமிரோ பக்கம்தான்," என்று வெட்டிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெட்டி மேல உட்காரச் சொன்னதே அவன்தான். 'ஆள் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதீங்கப்பா'ன்னு கெஞ்சினான்" என்றார்.

மூலையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ரமிரோ இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஓட்டு நடந்தது. கரி படிந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு வந்தன. லிசார்தோவின் சீட்டில் பல் தடமும் தர்பூசணி ஈரமும் இருந்தன. செல்லும் என்று அன்செல்மோ தீர்ப்புச் சொன்னார். யஸ்னா ஓரமாக நின்று, "எனக்கு ஓட்டு வேண்டாம், அந்த எம்பனாடாவைத் தள்ளுங்க" என்றாள்.

அன்செல்மோ சீட்டுகளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். ரமிரோ, ரமிரோ, மிரெயா, ரமிரோ, மிரெயா... ஆளுக்குப் பதினொன்று ஆனபோது கூட்டமே மேஜையை நெருங்கி வந்தது. கடைசிச் சீட்டை அவர் வேண்டுமென்றே மெதுவாகப் பிரித்தார். மருந்துக் கடையிலும் அவர் இப்படித்தான், பொட்டலம் கட்டுவதற்குள் நோயே குணமாகிவிடும்.

"மிரெயா ஓலாத்தே!"

கூரை பிய்த்துக்கொண்டு போகும் சத்தம். யாரோ அவளைத் தூக்கினார்கள், யாரோ இறக்கினார்கள். அம்மா வாசலில் நின்று ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு பேரும் சத்தியம் பண்ணோமே! யாருடா அந்தக் கருங்காலி?" என்று அப்பா தன் கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். "என்னை ஏன்டா பாக்குறீங்க? நான் அவனுக்குத்தான் போட்டேன், என் பொண்டாட்டி மேல சத்தியம்!"

மூத்தவர்களில் யாராவது மாற்றிப் போட்டிருப்பார்களா? மிரெயாவின் கண்கள் கூட்டத்தைத் தாண்டி மூலைக்குப் போயின. இல்லை. மூத்தவர்கள் பதினோரு பேர், ரமிரோவுக்கு வந்ததும் பதினொன்றுதான். மாறியது ரமிரோவின் ஓட்டு. அவளே இத்தனை நாளாகப் போட்ட கணக்கில் தம்பியின் ஓட்டைத் தம்பிக்கே எழுதி வைத்திருந்தாள்.

"புதுக் கேப்டன் ரெண்டு வார்த்தை பேசணும்!" என்றார்கள்.

அப்பா தன் பழைய வெள்ளை ஹெல்மெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். மிரெயா அதை வாங்கித் தலையில் வைத்தாள். பன்னிரண்டு வயதில் கண்ணை மறைத்தது, இன்று சரியாக நின்றது.

"இனிமே கத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணா நீங்க யாரும் நம்ப மாட்டீங்க," என்றாள். சிரிப்பலை எழுந்தது. "ஆனா ஒண்ணு. முதல்ல கேப்பேன். வர முடியுமான்னு, ஏன் வரலைன்னு கேப்பேன். கேட்டுட்டுத்தான் கத்துவேன்."

"இது போதும்!" என்று எம்பனாடா வாயோடு யஸ்னா கத்தினாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மறுபடி சங்கு ஊதியது. துறைமுகம் பக்கம், ஒரு கிட்டங்கி.

"யார் வர்றீங்க?" என்று கேட்டாள் மிரெயா. கேட்ட வாய் மூடுவதற்குள் மொத்தப் படையும் ஓடியது. யஸ்னா எல்லோருக்கும் முன்னால். ரமிரோவும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இந்த முறை நிலையத்தில் இருக்க அன்செல்மோ ஒப்புக்கொண்டுவிட்டார்.

மிரெயா வண்டியின் முன்பக்கம் ஏறிக் கையை நீட்டினாள். "வாடா! ஓட்டுப் போட்டவனுக்கு முன் சீட்டு!"

அவன் சிரித்தான். நாலடி வந்தான். புகை வாசனை ஏறிய வண்டியை ஒரு முறை பார்த்தான். முகம் வெளுத்தது.

"நீ போக்கா. இதோ வந்துடறேன், லேஸ் அவுந்துடுச்சு," என்று குனிந்தான்.

வண்டி நகர்ந்தது. காலையில் படிக்கட்டில் இரண்டு தடவை குனிந்தது, வாசலில் அவள் கேட்கும் முன்பே 'நான் இருக்கேன்' என்றது, ஜூன் மாதம் புகையில் மாட்டியதற்குப் பிறகு ஒவ்வொரு சங்குக்கும் ரேடியோ, கேட், பம்ப் என்று ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வண்டியேறாமலே நின்றது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. அத்தனை பேரையும் ஏன் வரவில்லை என்று கேட்டவள், இவனை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். ரமிரோ இன்னும் குனிந்தே இருந்தான்.

தீயணைப்பு பூட்ஸில் லேஸ் கிடையாது.